தேன் ஒத்துக்கொள்ளவில்லை, சர்க்கரை ஒத்துக்கொண்டது

வயிறு சரியில்லாத நாட்களில் சாப்பாட்டைக் குறைத்துவிட்டுப் பழம் சாப்பிடுவது பல வருடங்களாக என் வழக்கம். காலையில் ஒரு ஆப்பிள், பதினோரு மணிக்கு ஒரு பெரிய டம்ளர் ஆப்பிள் ஜூஸ், மாலையில் ஒரு கிண்ணம் தர்பூசணி. இனிப்பு வேண்டுமென்றால் சர்க்கரைக்குப் பதிலாகத் தேன். வயிற்றுக்கு இதமானதைக் கொடுக்கிறேன் என்று முழுமனதோடு நம்பியிருந்தேன். ஆனால் மாலை ஆவதற்குள் வயிறு உப்பிக் கல் மாதிரி ஆகிவிடும். கீழ்வயிற்றைப் பிடித்துப் பிசையும். கழிவறைக்கு மூன்று நான்கு முறை ஓட வேண்டும். சரி, நேற்று சாப்பிட்ட எண்ணெய்ப் பலகாரம்தான் காரணம் என்று நினைத்து, மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பழம் சாப்பிடுவேன்.

குற்றவாளியையே வைத்தியராக நினைத்து வீட்டுக்குள் அழைத்துக்கொண்டிருந்தேன் என்று புரிய எனக்கு நான்கு வருடம் ஆனது. இதே சுற்றில் இப்போது யாராவது சுற்றிக்கொண்டிருந்தால் அந்த நான்கு வருடம் அவர்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இருந்தது ஐ.பி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லும் எரிச்சல் குடல் நோய். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐ.பி.எஸ். என்று நாமாகவே பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது. இதைக் கண்டறிய மருத்துவ நிபுணர்கள் வகுத்து 2016இல் வெளியான ரோம் 4 வரையறைப்படி, கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும். மலம் கழிப்பதோடு தொடர்பு, மலம் போகும் தடவை மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது என்ற மூன்றில் இரண்டாவது அந்த வலியோடு சேர்ந்திருக்க வேண்டும். தொந்தரவு தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த சோகை, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தொந்தரவு, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்த வரலாறு: இவற்றில் ஒன்று இருந்தாலும் பழப் பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். எனக்கும் கோதுமையில் உள்ள குளூட்டனால் குடல் கெடும் சீலியாக் நோய் இல்லை, குடலில் அழற்சி இல்லை என்று பரிசோதித்த பிறகுதான் ஐ.பி.எஸ். என்றார்கள்.

அப்புறம் ஒரு உணவியல் நிபுணரிடம் அனுப்பினார்கள். ஒரு வாரம் வாயில் போட்டதையெல்லாம் நேரத்தோடு எழுதி வரச் சொன்னார். எழுதிய நோட்டைப் புரட்டிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. "இவ்வளவு ஆப்பிள் உங்களுக்குப் பிடித்துச் சாப்பிடுகிறீர்களா, நல்லது என்று சாப்பிடுகிறீர்களா?" நல்லது என்றுதான் சாப்பிட்டேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் உடம்புக்கு நல்லது செய்யத்தான் அத்தனை பாடுபட்டிருந்தேன்.

அன்று அவர் ஒரு தாளில் படம் வரைந்து விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். பழத்தின் இனிப்பில் முக்கியமாக மூன்று சர்க்கரைகள் உண்டு: குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், இரண்டும் ஒன்றாகப் பிணைந்த சுக்ரோஸ். நாம் டப்பாவில் வைத்திருக்கும் வெள்ளைச் சர்க்கரை இந்தச் சுக்ரோஸ்தான். சிறுகுடலின் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போகக் குளுக்கோஸுக்கு அகலமான சாலை இருக்கிறது. ஃப்ரக்டோஸுக்கு இருப்பது ஒற்றையடிப் பாதை. கூடவே குளுக்கோஸும் சம அளவில் வந்தால் ஃப்ரக்டோஸ் ஓரளவு எளிதாக உள்ளே போய்விடும். ஃப்ரக்டோஸ் மட்டும் அதிகமாக வந்தால் பாதையில் நெரிசல். உள்ளே போக முடியாமல் மிஞ்சியது சிறுகுடலில் தங்கித் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். அந்தத் தண்ணீரோடு பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே காத்திருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்கும்.

ஆப்பிளில் குளுக்கோஸைவிட ஃப்ரக்டோஸ் ஏறக்குறைய இரண்டு மடங்கு. போதாததற்குச் சார்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலும் அதில் இயற்கையாகவே இருக்கிறது. அது பெரும்பாலானவர்களுக்கு அரைகுறையாகத்தான் உறிஞ்சப்படும். பேரிக்காயும் இதே கதைதான், சார்பிட்டால் இன்னும் கூடுதல். பீச், பிளம், செர்ரி, ஆப்ரிகாட் போன்ற கொட்டைப் பழங்களிலும் சார்பிட்டால் உண்டு. மாம்பழத்தில் மிஞ்சும் ஃப்ரக்டோஸ். நான் மாலையில் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்ட தர்பூசணியிலோ மிஞ்சும் ஃப்ரக்டோஸ், சார்பிட்டால் போன்ற இன்னொரு சர்க்கரை ஆல்கஹாலான மானிட்டால், ஃப்ரக்டோஸ் சங்கிலியாகக் கோத்த ஃப்ரக்டான் என மூன்றுமே இருக்கின்றன. தண்ணீராய் இருக்கும் பழம் வயிற்றை என்ன செய்துவிடும் என்றுதானே யாருக்கும் தோன்றும்.

இப்படிச் சரியாக உறிஞ்சப்படாத, எளிதில் புளிக்கும் மாவுச்சத்துகளை எல்லாம் சேர்த்து ஃபாட்மேப் என்று பெயர் வைத்தவர்கள் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கிப்சன், சூ ஷெப்பர்ட் இருவரும். அந்தச் சொல் முதன்முதலில் அச்சில் வந்தது 2005இல். 2014இல் அதே குழு, ஐ.பி.எஸ். உள்ள 30 பேருக்கு 21 நாட்கள் ஃபாட்மேப் குறைந்த உணவும், இன்னொரு 21 நாட்கள் வழக்கமான உணவும் சமைத்தே கொடுத்துப் பார்த்தது. ஃபாட்மேப் குறைந்த நாட்களில் உப்புசமும் வலியும் வாயுவும் தெளிவாகக் குறைந்திருந்தன.

ஆனால் என்னை அதிகமாக ஆற்றியது வேறு ஒரு ஆராய்ச்சி. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் குடலை எம்.ஆர்.ஐ. மூலம் படம் பிடித்துப் பார்த்தார்கள். ஃப்ரக்டோஸ் குடித்தால் சிறுகுடலில் தண்ணீர் ஏறுவதும், இன்யூலின் என்ற ஃப்ரக்டானைக் குடித்தால் பெருங்குடலில் வாயு நிறைவதும் படத்திலேயே தெரிந்தன. 2017இல் வெளியான அடுத்த ஆராய்ச்சியில் ஐ.பி.எஸ். உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டார்கள். இரு தரப்பினர் குடலிலும் வாயு ஏறக்குறைய ஒரே அளவுதான். ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்குத்தான் வலியும் உப்புசமும் கூடுதல். என் குடல் மற்றவர்களுடையதைவிட அதிக வாயு உண்டாக்கவில்லை, அதே வாயுவை அதிகமாக உணர்கிறது, அவ்வளவுதான். "எல்லாரும் சாப்பிடுகிறார்கள், உனக்கு மட்டும் என்ன?" என்று கேட்கப்பட்டுக்கொண்டே இருந்த எனக்கு, அந்தக் கேள்விக்கு ஒரு பதில் உண்டு என்று தெரிந்ததே பெரிய நிம்மதி.

சரி, ஜூஸ். இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் எனக்கு நடந்த கெடுதலில் பெரும்பங்கு டம்ளரில் வந்தது.

ஒரு ஆரஞ்சைச் சுளை சுளையாகச் சாப்பிட்டால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸுக்கு மூன்று ஆரஞ்சாவது பிழிய வேண்டும். மூன்று ஆரஞ்சை உரித்து மென்று தின்ன எவ்வளவு நேரமாகும்? இரண்டாவதிலேயே போதும் என்று தோன்றிவிடும். ஜூஸாக இருந்தால் ஒரே நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறது. சக்கையும் இல்லை, மெல்லும் வேலையும் இல்லை. மூன்று பழத்தின் சர்க்கரையும் ஒரே வீச்சில் சிறுகுடலில் வந்து இறங்குகிறது. அந்த ஒற்றையடிப் பாதையால் எவ்வளவுதான் தாங்க முடியும்?

ஆப்பிள் ஜூஸ் இதிலும் மோசம். சின்னக் குழந்தைகளுக்கு அது அதிகமானால் வயிற்றுப்போக்கு வரும் என்பது குழந்தை மருத்துவர்களுக்கு வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். அதே ஃப்ரக்டோஸ், அதே சார்பிட்டால். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: கலவைப் பழ ஜூஸ் என்று எழுதிய பெட்டிகளில் முன்பக்கம் என்ன பழத்தின் படம் இருந்தாலும், உள்ளே அடிப்படையாக ஊற்றியிருப்பது பல சமயம் ஆப்பிள் அல்லது பேரிக்காய்ச் சாறு. பெட்டியைத் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். அளவில் அதிகமானது முதலில் எழுதப்பட்டிருக்கும்.

ஜூஸை அடியோடு விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. இப்போது என் முறை இதுதான்: அரை டம்ளருக்கும் குறைவான ஆரஞ்சுச் சாறு, அதே அளவு தண்ணீர், சாப்பாட்டோடு சேர்த்து, மெதுவாக. வெறும் வயிற்றில் கிடையாது. எலுமிச்சைச் சாறு பிழிந்து சர்க்கரை கலந்த தண்ணீர் எனக்கு எந்தத் தொந்தரவும் தந்ததில்லை. ஒரு டம்ளரில் விழும் எலுமிச்சைச் சாறு மிகக் கொஞ்சம், அதில் இருக்கும் ஃப்ரக்டோஸும் கொஞ்சம். அதில் சோடாவை ஊற்றினால் மட்டும் உப்புசம் வந்துவிடும். அது சர்க்கரையின் வேலை இல்லை, வெளியிலிருந்து நாமே உள்ளே அனுப்பும் வாயு. ஸ்மூத்தியைப் பொறுத்தவரை, சக்கை இருக்கிறதே என்று ஏமாந்துவிட வேண்டாம். அரைத்து ஊற்றினால் எத்தனை பழம் என்று கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. நான் பழத்தை முதலில் ஒரு கிண்ணத்தில் நறுக்கிப் போட்டு, இதை மென்று சாப்பிடுவதாக இருந்தால் இவ்வளவு சாப்பிடுவேனா என்று பார்த்துவிட்டுத்தான் மிக்ஸியில் போடுகிறேன்.

எனக்கு ஒத்துக்கொள்ளும் பழங்களையும் சொல்ல வேண்டும். ஆரஞ்சு, அன்னாசி, பப்பாளி, கிவி, ப்ளூபெர்ரி. இவை பொதுவாகவே பலருக்கு ஒத்துவரும் பழங்கள். வாழைப்பழத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. லேசாகப் பச்சை தட்டிய, கெட்டியான பழத்தில் ஃப்ரக்டான் குறைவு. நன்றாகக் கனிந்து புள்ளி விழுந்த பழத்தில் அதிகம். நான் நேர்மாறாக நினைத்திருந்தேன், கனிந்தால்தான் செரிக்கும் என்று. கொய்யாவில் இது அப்படியே தலைகீழ்: காயாக இருந்தால் தொந்தரவு, கனிந்தால் நல்லது. ஒரே பழம், ஒரே கூடை, மூன்று நாள் இடைவெளியில் வேறு பழமாகிவிடுகிறது. "வாழைப்பழம் எனக்கு ஒரு நாள் ஒத்துக்கொள்கிறது, ஒரு நாள் ஒத்துக்கொள்வதில்லை" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து அதை மனப்பிரமை என்று தள்ளிவிடாதீர்கள். எந்தப் பதத்தில் சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள்.

மலச்சிக்கல் பக்கம் சாயும் ஐ.பி.எஸ். இருந்தால் கிவியைத் தனியாகச் சொல்வேன். 2023இல் நியூசிலாந்து, இத்தாலி, ஜப்பான் மூன்று நாடுகளிலும் சேர்ந்து நடந்த ஒரு ஆராய்ச்சியின் முடிவு வந்தது. தினமும் இரண்டு பச்சைக் கிவி சாப்பிட்டவர்களுக்கு மலம் சுலபமாகப் போனது, வயிற்று அசௌகரியமும் குறைந்தது. உலர்ந்த பிளம் பழமும் மலச்சிக்கலைப் போக்கும், ஆனால் அது வேலை செய்வதே பெரும்பாலும் சார்பிட்டாலால். மலம் இளகும்போது உப்புசமும் கூடவே வரும். எனக்கு அந்தப் பேரம் கட்டுப்படியாகவில்லை.

உலர்பழங்கள் எல்லாவற்றிலுமே கவனம் தேவை. தண்ணீர் போய்விட்டதால் ஒரு கைப்பிடியில் ஒரு கொத்துப் பழத்தின் சர்க்கரை இருக்கும். பேரீச்சை, அத்தி, திராட்சை எதுவானாலும் நான் எண்ணித்தான் எடுக்கிறேன்.

அளவு பற்றி ஒரு எண் வேண்டும் என்பவர்களுக்கு: இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2008இல் வெளியிட்ட ஐ.பி.எஸ். வழிகாட்டுதல், புதுப்பழத்தை நாளுக்கு மூன்று பங்குக்குள் நிறுத்தச் சொல்கிறது. ஒரு பங்கு ஏறக்குறைய 80 கிராம். நான் ஒரு சமையல் தராசு வாங்கி ஒரு மாதம் எடை போட்டுப் பார்த்தேன். நான் ஒரு கிண்ணம் என்று நினைத்திருந்தது நான்கு பங்கு. அந்த மூன்று பங்கையும் ஒரே நேரத்தில் சாப்பிடாமல் காலை, மதியம், மாலை என்று பிரித்துக்கொள்வது எனக்கு மிகவும் உதவியது. தனித்தனியாகச் சாப்பிட்டால் தொந்தரவில்லாத இரண்டு பழங்கள், அரை மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து உள்ளே போனால் சேர்ந்து வேலையைக் காட்டும்.

பட்டியலை ஒரு முறை மனப்பாடம் செய்துவிட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். ஒரு காலத்தில் திராட்சையும் ஸ்ட்ராபெரியும் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்ற வரிசையில் இருந்தன. மோனாஷ் ஆய்வகம் மறுபடி சோதித்தபோது ஃப்ரக்டோஸ் தெரியவந்து இரண்டுக்குமே அளவு விதித்துவிட்டார்கள். பழத்தின் ரகமும் அது விளைந்த விதமும் மாறினால் சர்க்கரையும் மாறும்.

இனி இனிப்புகள். எனக்கு ஏற்றுக்கொள்ளவே கஷ்டமாக இருந்த பகுதி இது. தேனில் ஃப்ரக்டோஸ் ஏறக்குறைய 38 சதவீதம், குளுக்கோஸ் 31 சதவீதம். அந்த ஏழு சதவீத மிச்சம்தான் நெரிசல். வெள்ளைச் சர்க்கரையிலோ இரண்டும் சரிபாதி. அதனால் தேநீரில் போடும் ஒரு ஸ்பூன் சர்க்கரை என் வயிற்றுக்குத் தெரியவே தெரியாது, ஒரு ஸ்பூன் தேன் தெரியும். பல்லுக்கும் எடைக்கும் ரத்தச் சர்க்கரைக்கும் வெள்ளைச் சர்க்கரை நல்லது என்று நான் சொல்லவில்லை, அது வேறு கணக்கு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் என் வழியில் வரவே கூடாது. உடம்புக்கு நல்லது என்று பெயர் வாங்கிய பொருளும், ஐ.பி.எஸ். வயிறு பொறுத்துக்கொள்ளும் பொருளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது மட்டுமே நான் சொல்ல வருவது. அகாவே என்ற செடியின் சாற்றில் செய்யும் சிரப் தேனைவிட மோசம், அது பெரும்பாலும் ஃப்ரக்டோஸ்தான். மேப்பிள் சிரப்பில் பெரும்பாலும் சுக்ரோஸ் என்பதால் ஒத்துக்கொள்கிறது. சுக்ரோஸைப் பிரிக்கும் நொதியே குறைவாக உள்ள சிலர் உண்டு. அவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரையும் வயிற்றைக் கலக்கும்.

இதைக் கேட்டதும், ஆப்பிள் துண்டில் குளுக்கோஸ் தூவிச் சமன் செய்துவிடலாமே என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. செய்தும் பார்த்தேன். வயிறு வழக்கம்போல உப்பியது. 2017இல் இதை முறையாகவே சோதித்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. குளுக்கோஸ் சேர்த்தபோது ஃப்ரக்டோஸ் உறிஞ்சப்படுவது கூடியது, ஆனால் தொந்தரவுகள் குறையவில்லை.

சர்க்கரை இல்லாத மிட்டாய், சூயிங் கம் பற்றி உரக்கச் சொல்ல வேண்டும். அவற்றின் இனிப்பு பெரும்பாலும் சார்பிட்டால், மானிட்டால், ஐசோமால்ட், மால்ட்டிட்டால், சைலிட்டால். பொட்டலத்தில் எண்ணாக எழுதியிருந்தால் 420, 421, 953, 965, 967. 2008இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஜெர்மனி மருத்துவர்கள் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருந்தார்கள். வயது 21. எட்டு மாத வயிற்றுப்போக்கில் 11 கிலோ எடை இழந்திருந்தார். எல்லாப் பரிசோதனையும் செய்தாகிவிட்டது. கடைசியில் பார்த்தால் அவர் மெல்லும் சூயிங் கம்மிலிருந்து நாளுக்கு 18 முதல் 20 கிராம் சார்பிட்டால் போய்க்கொண்டிருந்தது. ஒரு கம்மில் சுமார் 1.25 கிராம்தான். அதை விட்டதும் குணமாகி எடையும் திரும்பி வந்தது. எரித்ரிட்டால் மட்டும் சற்று வேறு, அதில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். இருமல் மருந்துகளிலும் சார்பிட்டால் இருக்கலாம், மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள். நார்ச்சத்து நிறைந்தது என்று விற்கும் இனிப்புக் கட்டிகளில் சிக்கரி வேர் நார் என்று எழுதியிருந்தால் அது இன்யூலின். அந்த எம்.ஆர்.ஐ. படத்தில் வாயுவை நிறைத்ததே அதுதான்.

சாக்லேட்டில் கறுப்பு சாக்லேட் இரண்டு மூன்று துண்டு எனக்குச் சரி. பால் சாக்லேட்டில் பாலின் சர்க்கரையான லாக்டோஸ் (அதுவும் ஒரு ஃபாட்மேப்தான்), ஐஸ்கிரீமில் லாக்டோஸும் கொழுப்பும். கொழுப்பே சிலருக்குக் குடலைத் துரிதப்படுத்திவிடும். போன மாதம் அக்கா மகளின் பிறந்தநாளில் கேக்கை மறுக்கவில்லை. இரண்டு விரல் அகலத்துண்டு சாப்பிட்டேன், அன்று பழம் எதையும் தொடவில்லை. வயிறு ஒன்றும் சொல்லவில்லை. முன்பெல்லாம் கேக் வேண்டாம் என்று மறுத்துவிட்டு ஆப்பிள் ஜூஸ் வாங்கிக் குடித்திருப்பேன்.

ஃபாட்மேப் குறைந்த உணவை ஆயுள் முழுக்கக் கடைப்பிடிப்பது திட்டம் இல்லை. இரண்டிலிருந்து ஆறு வாரம் குறைத்துப் பார்ப்பது, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது, கடைசியில் தனக்கென ஒரு பட்டியல். நீண்ட நாள் எல்லாவற்றையும் ஒதுக்கினால் குடலுக்கு நல்லது செய்யும் பிஃபிடோபாக்டீரியாவே குறைந்துவிடும். நான் இந்த இரண்டாவது கட்டத்தைப் பயந்து ஐந்து மாதம் தள்ளிப்போட்டேன். நன்றாக இருக்கிறோமே, ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்ற பயம். தள்ளிப்போட்டிருக்கக் கூடாது. உணவியல் நிபுணர்தான் கையைப் பிடித்து இழுத்தார். ஒரு பொருளை எடுத்து மூன்று நாள் சோதனை, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டி. அப்புறம் இரண்டு மூன்று நாள் ஓய்வு. பரீட்சை, பயணம், மனக்கவலை இருக்கும் வாரத்தில் சோதனை வேண்டாம் என்றார். மனம் குலைந்திருந்தால் குடல் எதற்குமே கோபித்துக்கொள்ளும், பழி பழத்தின் மேல் விழும்.

அப்படித்தான் தேனை அரை ஸ்பூன் வரை தாங்குகிறேன் என்று தெரிந்துகொண்டேன். ஆப்பிள் தோல் சீவிய கால் பழம் வரை. பேரிக்காய் சுத்தமாக ஆகவில்லை. இந்த வாரம் மாம்பழம். திங்கள்கிழமை இரண்டு துண்டு, நேற்று மூன்று. இரவு பத்து மணிக்கு நோட்டில் "லேசான உப்புசம், வலி இல்லை" என்று எழுதிவிட்டுப் படுத்தேன். இன்று நான்கு துண்டு நறுக்கி வைத்திருக்கிறேன், சாப்பாடு முடிந்ததும்.